ஆறு சிவப்புத் தடிகள்

பனிக்கட்டியில் மீன்பிடிக்கத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் தூண்டில் வாங்குகிறார்கள். அது பிழை. முதலில் வாங்க வேண்டியது காலுறை. கம்பளிக் காலுறை இரண்டு சோடி, ஒன்றின் மேல் ஒன்று. சப்பாத்தும் வழமையைவிட ஓர் அளவு பெரிதாக இருக்க வேண்டும். கால் விறைத்துவிட்டால் பத்தாவது நிமிடத்தில் வீட்டு ஞாபகம் வந்துவிடும், பிறகு மீன் கடித்தாலும் தெரியாது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நேற்று நீங்கள் என்னிடம் கேட்ட முதலாவது கேள்வி, இது எங்கே தொடங்கியது என்பது. காலுறையில்தான் தொடங்கியது.

தமிழிலேயே எழுதித் தரலாம் என்று சொன்னதற்கு நன்றி. கிரின்ஸ்டெட்டில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை செய்கிறேன். என் டெனிஷ் இயந்திரங்களோடு கதைக்கப் போதும், பொலிஸோடு கதைக்கப் போதாது. இதை மொழிபெயர்க்கப்போகும் தர்ஷனா பிள்ளைக்கு ஒரு வேண்டுகோள்: எதையும் மென்மையாக்க வேண்டாம். நான் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் செல்வரட்ணம். வயது ஐம்பத்தொன்பது. மனைவி அமலராணி. மகள் ஸ்ரெபானி ஹோர்சன்ஸில் வேலை செய்கிறாள். என்மேல் இதுவரை எந்த முறைப்பாடும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கால் மணி நேரம் முந்திப் போகிறவன்.

ஐந்து வருடங்களுக்கு முன் நாரி பிடித்து, இடுப்பை நிமிர்த்த முடியாமல் மூன்று மாதம் வீட்டில் கிடந்தேன். எங்கள் குடும்ப வைத்தியர் ஒரு டெனிஷ் பெண். குளிர்காலத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கோடை வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன் என்றேன். அவர் அதைக் கணினியில் பதிந்தார். பதிந்துவிட்டு, எனக்கு ஒரு பொழுதுபோக்கு அவசியம் என்றார். இரத்தத்தில் இரும்பு குறைவு என்று சொல்லும் அதே குரலில் சொன்னார். இந்த நாட்டில் கடவுள் நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம், பொழுதுபோக்கு இல்லாமல் இருக்க முடியாது.

அந்த வாரம் பின்லாந்துக்காரர் ஒருவரின் வீடியோ பார்த்தேன். பரந்த வெள்ளை ஏரி. ஒரு மனிதன், ஒரு சின்னக் கதிரை, ஒரு துளை. நாற்பது நிமிடம் அவர் ஒன்றும் கதைக்கவில்லை. அவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவும் இல்லை. எனக்கு உரியது இதுதான் என்று விளங்கியது.

ஒரு சிறு சிக்கல் இருந்தது. டென்மார்க்கில் ஏரிகள் அவ்வளவாக உறைவதில்லை. முதல் குளிர்காலத்தில் நான்கு நாள் உறைந்தது, நான்கு நாளும் எனக்குப் பகல் வேலை. இரண்டாவது குளிர்காலத்தில் உறையவே இல்லை. நான் மகளின் பழைய பிளாஸ்டிக் குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பிக் கொல்லையில் வைத்தேன். ஒரு கிழமைக்குப் பிறகு அது இறுகியது. கையால் சுற்றும் துளைகருவியை எடுத்துக்கொண்டு போய்த் துளைத்தேன்.

அமலராணி குசினி யன்னலைத் திறந்தாள்.

"என்னப்பா செய்யிறியள்? அயல் சனம் எல்லாம் பாக்குது."

"பழகிறன்."

"என்னத்துக்கு?"

"மீன் பிடிக்க."

"தொட்டிக்குள்ளையோ?"

யன்னலை மூடினாள். அயல் சனம் என்பது ஒரேயொரு டெனிஷ்காரர். அவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, துளை நேராக வந்திருக்கிறது என்றார். இருபது வருடத்தில் அவர் என்னோடு பேசிய மிக நீளமான வசனம் அது. பொழுதுபோக்கு வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன்.

மூன்றாவது குளிர்காலம்தான் உண்மையான ஐஸ் வந்தது. வீட்டிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டரில் ஒரு விவசாயியின் காணியில் சரளைக்கல் தோண்டிய பழைய கிறவல் குழி இருக்கிறது. தண்ணீர் நிரம்பி ஏரியாகிவிட்டது. அவரிடம் அனுமதி கேட்டு, பதினொரு நாள் தனியாகப் போய் இருந்தேன். ஒன்பதாவது நாள் ஒரு மீன் பிடித்தேன். பதினொரு சென்டிமீட்டர். பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படம் எடுத்து, எங்கள் கோவில் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஏழு பேர் கட்டைவிரல் போட்டார்கள். அந்தோனிதாசன், "இது மீனோ, இரையோ?" என்று எழுதினார். அவருக்குப் பதினேழு பேர் சிரிப்புப் போட்டார்கள்.

ஆனந்தராஜா மட்டும், "செல்வண்ணை, நானும் வாறன்" என்று எழுதினார்.

ஆனந்தராஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஏழு வயது இளையவர். மன்னார் ஆள். முதியோர் இல்லத்தில் வேலை. அங்குள்ள டெனிஷ் கிழவிகள் அவர் வந்தால்தான் மருந்து விழுங்குவார்களாம். எந்தக் கல்யாண வீட்டிலும் அவர் இருக்கும் மேசைதான் கடைசியாக எழும்பும். எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நேற்று நீங்கள் "வெறுப்பு" என்ற சொல்லைப் பாவித்தீர்கள். வெறுப்பு இருக்கவில்லை.

அவர் கோடைச் சப்பாத்தோடு வந்தார். ஒற்றைக் காலுறை, அதுவும் பருத்தி. நான் துளைத்து வைத்திருந்த இரண்டாவது துளைக்குப் பக்கத்தில் குந்தினார். நூலை எவ்வளவு ஆழத்துக்கு விட வேண்டும் என்று விளங்கப்படுத்தத் திரும்பினேன். அதற்குள் அவர் தூண்டிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கெத்த என்று டெனிஷ்காரர் சொல்லும் நீண்ட வாய் மீன். நான்கு கிலோ. வந்து இருபது நிமிடம் ஆகவில்லை.

என்னைக் கட்டிப்பிடித்தார். "அண்ணை, உங்கடை துளையிலைதான் பிடிச்சனான். உங்கடை ராசி!"

உண்மையாகவே சந்தோசப்பட்டார். அதுதான் அவரிடம் உள்ள கஷ்டம். எல்லாவற்றையும் உண்மையாகவே செய்வார்.

உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து படம் எடுக்க வந்தார்கள். ஆனந்தராஜா மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் துளைகருவியோடு நான் நின்றேன். என் இடது தோள் படத்துக்கு வெளியே போய்விட்டது. கீழே, "ஆனந்தராஜாவும் அவருடைய உதவியாளரும்" என்று எழுதியிருந்தார்கள். அந்தப் படத்தை அமலராணி வெட்டிக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டினாள். நான் கழற்றவில்லை.

டென்மார்க்கில் இரண்டு பேருக்கு ஒரே விருப்பம் இருந்தால், மூன்றாவது ஆளைத் தேடிப் பிடித்துச் சங்கம் பதிந்துவிடுவார்கள். எங்களுக்குப் பதினொரு பேர் சேர்ந்தார்கள். சங்கத்துக்கு யாப்பு, அதாவது சட்டதிட்டம், எழுதினோம். ஆனந்தராஜா தலைவர். "மன்னார் ஆள், மீன் அவரைத் தேடி வரும்" என்றார் அந்தோனிதாசன். மன்னாரில் ஐஸ் கடையில் மட்டும்தான் இருக்கும் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. எனக்குப் பாதுகாப்புப் பொறுப்பாளர் பதவி கிடைத்தது. போட்டி இருக்கவில்லை.

ஆனந்தராஜா எழும்பிச் சொன்னார்: "ஐஸைப் பற்றி அண்ணைக்குத் தெரியாதது ஒண்டும் இல்லை. நாங்கள் மீனைப் பாப்பம். அவர் எங்களைப் பாப்பார்."

கை தட்டினார்கள்.

நான் அந்தப் பதவியை மரியாதையாக எடுத்துக்கொண்டேன். இருபத்துமூன்று விதிகள் எழுதினேன். பன்னிரண்டு சென்டிமீட்டருக்குக் குறைவான ஐஸில் ஒருவரும் கால் வைக்கக் கூடாது. ஏரியின் வடக்குப் பக்கத்தில் வயல் வாய்க்கால் ஒன்று வந்து விழுகிறது. தண்ணீர் ஓடும் இடத்தில் ஐஸ் எப்போதும் மெல்லியது, அதற்குமேல் பனி தூவியிருந்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆறு தடிகளுக்குச் சிவப்பு நிறம் பூசி, அந்த இடத்தைச் சுற்றி நட்டேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முந்திப் போய், பன்னிரண்டு இடத்தில் துளைத்து அளந்தேன். அவர்கள் வரும்போது, "ஐஸ் எப்பிடி?" என்று கேட்பார்கள். "நல்லம்" என்பேன். அவ்வளவுதான். பிறகு அவர்கள் மீனைப் பற்றிக் கதைப்பார்கள்.

பொதுக்கூட்டத்தில் விதிகளை வாசித்தேன். ஆறாவது விதியில் சாப்பிட ரோல்ஸ் வந்தது. ஏழாவது விதியை ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு மீட்பு ஆணிகள். ஐஸ் உடைந்து தண்ணீருக்குள் விழுந்தால் வெறும் கை வழுக்கும், விளிம்பைப் பிடித்து ஏற முடியாது. அதற்காக இரண்டு மரப்பிடிகள், முனையில் ஆணி, இரண்டையும் கயிற்றால் இணைத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வது. கடையில் இருக்கிறது. நான் வாங்கவில்லை. என் கையாலேயே பதினொரு சோடி கடைந்து செய்தேன். ஒவ்வொருவரின் பெயரின் முதல் எழுத்தையும் பிடியில் பொறித்தேன்.

ஆனந்தராஜா தன்னுடையதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"செல்வண்ணை, உது என்ன, செபமாலையோ? இதைப் பிடிச்சுக்கொண்டு மீனுக்குச் செபிக்கிறதோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த சனிக்கிழமை ஒருவரும் அதைப் போட்டுக்கொண்டு வரவில்லை. ஆனந்தராஜாவின் சோடியை அவருடைய காரின் கண்ணாடிக்குக் கீழே கண்டேன், மணமூட்டும் அட்டையோடு சேர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

நான் கோபப்படவில்லை. யோசித்தேன். இரண்டு குளிர்காலம் பதினொரு பேர் அந்த ஏரியில் நடந்தார்கள். ஒருவரும் விழவில்லை. அது என் வேலை. ஆனால் விழாத மனிதனைப் படம் எடுக்க முடியாது. நான்கு கிலோ மீனைத் தூக்கிப் பிடிக்கலாம், நடக்காத ஒரு விபத்தை எப்படித் தூக்கிப் பிடிப்பது? பாதுகாப்பு இருக்கும்போது அது கண்ணுக்குத் தெரிவதில்லை. இல்லாமல் போனால்தான் தெரியும். அப்படியானால், ஒரேயொரு தடவை இல்லாமல் காட்டுவதுதான் நேர்மையான வழி. இந்த முடிவுக்கு வர எனக்கு ஒரு வருடம் எடுத்தது. அவசரப்பட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

இந்தப் பெப்ரவரியில், நீங்கள் அறிந்த அந்தச் சனிக்கிழமைக்கு முன் மூன்று நாள் வெயில் அடித்தது. வெள்ளி பின்னேரம் திரும்பவும் குளிர் இறங்கி, மேலே கொஞ்சம் பனி தூவியது. காலை ஏழரைக்கு நான் ஏரியில் நின்றேன். நடுவில் பதினான்கு சென்டிமீட்டர். மேற்குக் கரையில் பதின்மூன்று. வாய்க்கால் பக்கம் கவனமாக, வயிற்றில் படுத்து ஊர்ந்து போய் அளந்தேன். நான்கு.

தடிகள் ஆறையும் பிடுங்கினேன். நட்ட ஓட்டைகளைப் பனியால் மூடினேன். தடிகளைக் காரில் வைத்தேன். நிறம் கொஞ்சம் மங்கியிருந்தது, திரும்பப் பூசத்தான் வேண்டும்.

பத்து மணிக்கு நகரசபையிலிருந்து ஒரு பெண் வந்து சங்கத்தைப் பற்றி எழுதுவதாக இருந்தது. அதனால் ஆனந்தராஜா அந்தப் பெண் வருவதற்குள் ஒரு பெரிய மீன் பிடித்துவைக்க விரும்புவார் என்று எனக்குத் தெரியும். எட்டரைக்குத் தனியாக வந்தார். கையில் எனக்கும் சேர்த்து, மீன் வைத்த மாலுபாண் ஒன்று கொண்டுவந்திருந்தார்.

"எப்பிடி அண்ணை ஐஸ்?"

"நடுவிலை பதினாலு."

"வாய்க்கால் பக்கம்? அங்கைதான் பெரிசு நிக்கும்."

"சிவப்புத் தடி நிக்குதோ எண்டு பாரும்."

கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தார். "ஒண்டையும் காணேல்லை."

"பிறகேன் என்னட்டைக் கேக்கிறீர்?"

அவர் சிரித்தார். "இண்டைக்கு ஒரு நாளெண்டாலும் அங்கை போக விட்டனீங்கள்" என்றார். வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதை மேலே உள்ள உரையாடலில் நீங்கள் காணலாம்.

நான் காருக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பிளாஸ்கைத் திறந்தேன். தேத்தண்ணி நல்ல சூடு. அவர் வாய்க்கால் பக்கம் போய்ச் சேர ஆறு நிமிடம் எடுத்தது. எதையோ கண்டதுபோல் குனிந்தார். பிறகு அவருடைய தொப்பி மட்டும் தெரிந்தது. உடையும் சத்தம் காருக்குள் கேட்கவில்லை.

என் பத்தாவது விதி சொல்கிறது: குளிர்ந்த தண்ணீரில் விழுந்தவருக்கு முதல் நிமிடம் மூச்சுத் திணறும், பிறகு ஏறத்தாழப் பத்து நிமிடம் கை வேலை செய்யும். அது சரியாகவே இருந்தது. குரல் மட்டும் காருக்குள் மெல்லக் கேட்டது. முதலில் என் பெயரைக் கூப்பிட்டார். "செல்வண்ணை" என்று, வழக்கம்போல. நான் கரையில் எங்கேயோ கவனமாக இருக்கிறேன் என்று நினைத்திருப்பார். பிறகு தன் மனைவி ஞானமலரைக் கூப்பிட்டார். பிறகு பெயர் இல்லாமல் கூப்பிட்டார். விளிம்பில் கை வைத்து ஏறப் பார்ப்பது தெரிந்தது. கை வழுக்கியது. மீட்பு ஆணிகள் எதற்கு என்று அப்போது அவருக்கு விளங்கியிருக்கும். என்னுடைய சோடி என் கழுத்தில் இருந்தது.

நீங்கள் கயிற்றைப் பற்றிக் கேட்டீர்கள். ஓம், இருபது மீட்டர் கயிறு காரின் பின்பெட்டியில் இருந்தது. பதினான்காவது விதியைப் பாருங்கள்: மீட்க முயல்பவர் முதலில் தன் பாதுகாப்பை உறுதிசெய்ய வேண்டும். நான் காருக்குள் இருந்தேன். அதைவிடப் பாதுகாப்பான இடம் அங்கே இருக்கவில்லை.

பதினாறாவது நிமிடம் அவசர இலக்கத்துக்கு அழைத்தேன். எடுத்த பெண்ணிடம் வீதி, விவசாயியின் பெயர், எந்தப் பக்கத்தால் வாகனம் வர வேண்டும் என்று எல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். இவ்வளவு நிதானமாகச் சொல்வதற்கு நன்றி என்றார். அந்த ஒலிப்பதிவு உங்களிடம் இருக்கும்.

செத்தவீட்டுக்கு ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். முதியோர் இல்லத்திலிருந்து மூன்று கிழவிகளைச் சக்கரக் கதிரையில் கூட்டிவந்தார்கள். ஞானமலர் என் கையைப் பிடித்தார்.

"அண்ணை, நீங்கள் உங்களைக் குறை சொல்லாதேங்கோ. அவர் ஒருத்தற்றை சொல்லும் கேக்கிறவரில்லை."

"தெரியும் தங்கச்சி."

"கடைசியா ஏதும் சொன்னவரோ?"

"இல்லை. உடனை முடிஞ்சுது."

அது பொய். அவருடைய மனநிம்மதிக்காகச் சொன்னது. இதை அவருக்குத் தெரியப்படுத்த வேண்டிய அவசியம் இருக்கிறதா என்று நீங்கள் யோசிக்க வேண்டும். நான் அவரைப் பற்றி அக்கறைப்படுகிறேன். இரண்டு தடவை அவர் வீட்டு வாசலில் பனி தள்ளிக் கொடுத்தேன்.

இன்னொரு பொய்யும் உண்டு. அன்று உங்கள் உத்தியோகத்தர் ஒருவர், ஐஸை அளந்தீர்களா என்று கேட்டபோது, நான் அப்போதுதான் வந்தேன், அளக்க நேரம் கிடைக்கவில்லை என்று சொன்னேன். இங்கேதான் எல்லாம் பிழையாகிப் போனது.

மார்ச் மாதம் பொலிஸ் அறிக்கை வந்தது. குற்றம் ஒன்றும் இல்லை, பாதுகாப்புப் பொறுப்பாளரின் கவனக்குறைவால் ஏற்பட்ட விபத்து என்று ஒரு வசனம் இருந்தது. அந்த ஒரு வசனத்தை எல்லோரும் வாசித்தார்கள். பொதுக்கூட்டம் கூட்டினார்கள். ஒருவரும் என்னை ஏசவில்லை. மிகவும் மரியாதையாக என்னைப் பதவியிலிருந்து எடுத்தார்கள். ஆனந்தராஜாவோடு வேலை செய்த நிறோஷினி என்ற பெண்ணை நியமித்தார்கள். அவர் என் இருபத்துமூன்று விதிகளை அப்படியே அச்சடித்து, என் பெயரை எடுத்துவிட்டு, மேலே ஆனந்தராஜாவின் படத்தைப் போட்டார். இப்போது நாற்பது உறுப்பினர்கள். எல்லோரும் மீட்பு ஆணி போடுகிறார்கள். அதாவது, நான் நினைத்தது சரியாகவே நடந்தது. ஆனால் அது என் வேலை என்று ஒருவருக்கும் தெரியாது.

கோவில் வாசலில் அந்தோனிதாசன் என் முதுகில் தட்டினார். "பரவாயில்லை செல்வம், எல்லாருக்கும் கவனம் பிசகிறதுதானே" என்றார்.

வீட்டில் அமலராணியும் அதையே சொன்னாள். "விடுங்கோ அப்பா. நீங்கள் வேணுமெண்டு செய்தனீங்களோ? கவனமில்லாமல் நடந்தது."

அன்று நான் சாப்பிடவில்லை. நாரி நோவும் திரும்ப வந்தது. இரண்டு கிழமை பொறுத்துப் பார்த்தேன். நேற்று வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தேன். நீங்கள் கூப்பிட்டு நான் வரவில்லை என்பதைத் தயவுசெய்து பதியவும்.

என் அளவுக் கொப்பியை இத்துடன் இணைக்கிறேன். மூன்று குளிர்காலத்தின் அளவுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். ஏழு மணி நாற்பத்திரண்டு, வாய்க்கால் பக்கம், நான்கு சென்டிமீட்டர். அதற்குக் கீழே: தடிகள் ஆறும் அகற்றப்பட்டன. பேனாவால் எழுதியிருக்கிறேன், வெட்டித் திருத்தியது ஒன்றும் இல்லை. ஆனந்தராஜாவை அந்த இடத்துக்கு அனுப்பியது நான். அவர் மூழ்கும்வரை பார்த்துக்கொண்டிருந்ததும் நான்தான். தண்டனை எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அது உங்கள் வேலை. நான் கேட்பது ஒன்றே ஒன்று: அறிக்கையில் உள்ள கவனக்குறைவு என்ற அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, திருத்திய பிரதியைச் சங்க உறுப்பினர்கள் நாற்பது பேருக்கும் அனுப்ப வேண்டும். அன்று காலை அந்த ஏரியில் கவனமாக இருந்தவன் நான் ஒருவன் மட்டும்தான்.